பதினேழு பேர் சொன்ன அளவு

அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தோட்டாவுக்கு எத்தனை கிரெயின், எந்தக் கம்பெனி மருந்து என்று யாரும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் எழுதி வைத்ததே போதும். அந்த ஒருவர் என் கணவர் என்பதால் இதை எரிச்சல் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009ஆம் வருடம் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில் இருந்தோம். அவர் ஒரு டெலிகாம் கம்பெனியில் டெஸ்டிங் இன்ஜினியர், நான் பார்மசிஸ்ட். எச்-ஒன் விசாவில் இருந்தவரை துப்பாக்கியைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. க்ரீன் கார்டு வந்த பிறகு ஆபீஸ் நண்பர் ஒருவர் சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். போனவர் திரும்பி வரும்போது முகம் பெருநாள் காலை மாதிரி இருந்தது. அடுத்த மாதமே பழைய 38 ரிவால்வர் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"பேப்பர்ல ஓட்டை போடத்தான்மா. வேற எதுக்கு?"

சரி, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும், சாவி என்னிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சிகரெட் இல்லை, சீட்டாட்டம் இல்லை, வாரத்துக்கு ஒருநாள் பேப்பரில் ஓட்டை போடுவதில் எனக்கென்ன நஷ்டம்? பேப்பர் ஓட்டையோடு அது நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

முந்தைய வருடம் தேர்தல் முடிந்ததிலிருந்து, துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று ஜனங்கள் வாங்கிக் குவித்ததில், கடைகளில் தோட்டா கிடைக்கவில்லை. லாரி வரும் நாள் தெரிந்து வரிசையில் நின்றவர்களுக்குத்தான் பெட்டி. இவர் ஆபீஸ் முடிந்து போய்ச் சேரும்போது ஷெல்ஃப் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். நண்பர்தான் வழி சொன்னார். சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டை எறியாதே, அடியில் பொறி கிளப்பும் புது பிரைமர் வை, உள்ளே அளந்து மருந்து போடு, மேலே ஈயக் குண்டை அழுத்து, தோட்டா தயார். ஈயக் குண்டும் கடையில் இல்லையா? நீயே வார்த்துக்கொள்.

இவர் டயர் கடையில் கெஞ்சி, சக்கரத்தில் பேலன்சுக்கு மாட்டும் ஈயத் துண்டுகளை ஒரு பக்கெட் வாங்கி வந்தார். கன் ஷோ என்ற துப்பாக்கிச் சந்தையில் அட்டைப்பெட்டி கூட இல்லாத பழைய அச்சு ஒன்றும் கிடைத்தது. ஈயத்தை உருக்குவதற்கு அவர் கொல்லையில் எடுத்து வைத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பெருநாளுக்கு பிரியாணி தேக்சா ஏற்றும் கேஸ் அடுப்பை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அடுப்பு தனி, சட்டி தனி, அந்த வேலைக்குச் சட்டை தனி, முடித்ததும் முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், செய்யவும் செய்தார். அந்த மட்டும் நல்ல மனிதர்.

மருந்து விஷயத்தில்தான் வம்பு. தமிழில் என் கவுண்டரில் இருப்பதும் மருந்து, அவர் டப்பாவில் இருப்பதும் மருந்து. ஆனால் என் மருந்து கூடினால் ஆளைத் தூக்கிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓட நேரமாவது இருக்கும். அவருடையது கூடினால் ரிவால்வரின் சிலிண்டரே பிளந்துவிடும். அந்த சிலிண்டர் அவர் முகத்துக்கு முன்னால் இரண்டு முழத்தில் இருக்கும், அதற்குக் கீழே அவருடைய இரண்டு கைகளும் பிடித்திருக்கும். எனக்கு அந்தக் கைகள் வேண்டும், கண்களும் வேண்டும். இதை நான் சுற்றி வளைக்காமல் அவரிடமே சொன்னேன்.

"லேபிள் இல்லாம ஒரு மாத்திரை நான் யாருக்கும் குடுத்ததில்ல. இந்தக் குண்டு, இந்த மருந்து, இவ்வளவு அளவுன்னு பிரிண்ட்ல ஒரு பேப்பர் காட்டுங்க. காட்டிட்டு சுடுங்க."

"இவ்வளவுதானே? ஒரு வாரத்துல காட்டறேன்."

முதல் புத்தகம் வாங்கினார். தலையணைக்கு ஆகும் அளவு தடி. அதில் அவர் குண்டின் எடைக்கும் அவர் மருந்துக்கும் அளவு போட்டிருந்தது, ஆனால் செப்பு உறை போட்ட குண்டுக்கு. வெறும் ஈயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. இரண்டாவது புத்தகத்தில் ஈயக் குண்டு இருந்தது, மருந்து வேறு. மூன்றாவது, மருந்து கம்பெனி சும்மா கொடுக்கும் சின்னப் புத்தகம். அதில் மருந்து சரி, ஈயம் சரி, எடை சரி, குண்டின் வடிவம் வேறு. வடிவம் மாறினால் குண்டு கூட்டுக்குள் இறங்கும் ஆழம் மாறும், ஆழம் மாறினால் உள்ளே அழுத்தம் மாறும் என்று அதே புத்தகம் பயமுறுத்தியது. மாப்பிள்ளை வந்தால் ஓதி வைக்கும் ஹஜ்ரத் வரவில்லை, ஹஜ்ரத் வந்தால் மாப்பிள்ளை வரவில்லை என்று ஒரு நிக்காஹ் நடக்காமலே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எங்கள் வீடு.

இதில் எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரே பாட்டு: நாங்கள் சொன்ன பொருளைத் தவிர வேறு எதற்கும் இந்த அளவைப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம் வீட்டில் வார்த்தவன் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று யாரும் சொல்லவில்லை. புத்தகக்காரர்கள் மேலும் எனக்கு அப்போது கோபம்தான்.

கிரெயின் என்ற அளவு எனக்குப் புதிதில்லை. தைராய்டுக்கு ஒரு பழைய மாத்திரை இன்னமும் கிரெயின் கணக்கில்தான் வருகிறது. ஒரு கிரெயின் ஏறத்தாழ அறுபத்தைந்து மில்லிகிராம். சீட்டில் அரை கிரெயின் தவறுதலாகக் கூடியிருந்தாலும் நாங்கள் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்காமல் மாத்திரையை எண்ண மாட்டோம். இங்கே என் வீட்டு கராஜில் ஒரு மனிதர் "அரை கிரெயின்ல என்ன ஆயிடப்போகுது" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புத்தகம் கைவிட்டதும் அவர் தன் பழைய வழிக்குப் போனார். அந்த வழி எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். க்ரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் நம் ஆட்கள் எல்லாரும் இன்டர்நெட்டில் ஒரு ஃபோரத்தில்தான் குடியிருந்தார்கள். யாருக்கு என்றைக்கு ரசீது வந்தது, என்றைக்குக் கைரேகை, என்றைக்கு அப்ரூவல் என்று முகம் தெரியாதவர்கள் எழுத, இவர் அத்தனையையும் எக்ஸெலில் ஏற்றிக் கூட்டி வகுத்து, நமக்கு இந்த வாரம் வரும் என்றார். சொன்ன வாரத்திலேயே கார்டு தபால் பெட்டியில் கிடந்தது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்காய்க்குக் கணக்குத் தெரியும் என்று இவர் முடிவு கட்டிவிட்டார். அதற்குப் பிறகு கார் வாங்கினாலும் சரி, கூரை மாற்றினாலும் சரி, பத்துப் பேரைக் கேட்டுச் சராசரி எடுக்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

அதே ஃபைலை வேறு பெயரில் சேவ் பண்ணி, துப்பாக்கி ஃபோரங்களில் பதினேழு பேர் எழுதியிருந்த அளவுகளை ஏற்றினார். தலைப்பைக்கூட மாற்றவில்லை. மருந்து அளவு இருந்த கட்டத்துக்கு மேலே இன்னமும் 'அப்ரூவல்' என்றே இருந்தது. எங்கள் மகள், ஒன்பது வயது, எட்டிப் பார்த்துவிட்டு, "வாப்பா, இஸ் திஸ் ஹோம்வொர்க்?" என்றாள். "எஸ்" என்றார். கடைசி வரியில் சராசரி, தடித்த எழுத்தில், இரண்டு தசம ஸ்தானத்தோடு.

அந்தப் பதினேழு பேரில் யார் வீட்டில் வார்த்தவர், யார் கடைக் குண்டு போட்டவர், யாருடைய துப்பாக்கி இதைவிட இரண்டு மடங்கு பலம் என்று ஒன்றும் தெரியாது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டு, அதை இரண்டால் வகுத்தும் வைத்திருந்தார்.

"என்னங்க, பதினேழு பேஷன்ட் பதினேழு டோஸ் எடுக்கறாங்கன்னு வைங்க. பதினெட்டாவதா வர்றவருக்கு நான் ஆவரேஜ் போட்டுக் குடுத்தா ஒத்துப்பீங்களா?"

"அது வேற, இது வேற. இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலையே. பதினேழு பேரும் வந்து போஸ்ட் போட்டிருக்கான்ல?"

"கை போனவன் எப்படிங்க டைப் பண்ணுவான்?"

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளில் அவர் ஐம்பது தோட்டா செய்து முடித்திருந்தார். மஞ்சள் டப்பாவில் அழகாக அடுக்கி, கராஜ் அலமாரியில் வைத்திருந்தார். சுடவில்லை, வாக்கு வாக்குதான். ஆனால் தினமும் சாப்பாட்டு மேசையில் அந்த வாரக் கடைசிக்குள் காகிதம் வருமா என்று என்னைப் பார்ப்பார். தேட வேண்டியவர் அவர், ஏதோ நான்தான் தராமல் வைத்திருக்கிற மாதிரி.

கடைசியில் நானே தேடக் கிளம்பினேன். லஞ்ச் நேரத்தில் பார்மசி பின்னறையில் உட்கார்ந்து அவருடைய வெடிமருந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் இசை கேட்க வைத்து, பிறகு ஒருவர் எடுத்தார். வீட்டில் வார்க்கும் குண்டு பல விதம் மேடம், அச்சு எது என்று தெரியாமல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்றார். வீட்டுக்கு வந்து அந்த அச்சை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன். கரிக்கு அடியில் ஒரு எண் இருந்தது. இத்தனை வாரம் அதில் ஈயம் ஊற்றிய மனிதர் ஒருமுறைகூடத் தேய்த்துப் பார்க்கவில்லை.

எண்ணை வைத்து அச்சு செய்த கம்பெனியைப் பிடித்தேன். அந்த அச்சைச் செய்வது நின்று வெகுகாலம் ஆகிறது, எங்கள் பழைய கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் உண்டு என்றார் எடுத்தவர். அளவை இப்போதே சொல்லுங்களேன் என்றேன். போனில் எண் சொல்வதில்லை மேடம், நீங்கள் ஒன்று கேட்பீர்கள், நான் ஒன்று சொல்வேன், புத்தகத்தைக் கண்ணால் பாருங்கள் என்றார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. இந்த விவகாரத்தில் முதல்முறையாக ஒருவர் பார்மசிஸ்ட் மாதிரி பேசினார்.

புத்தகம் எந்தக் கடையிலும் இல்லை. ரிச்சர்ட்சன் நூலகத்தில் கேட்டேன். தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண் துப்பாக்கி மருந்துப் புத்தகம் கேட்கிறாளே என்று கவுண்டரில் இருந்தவர் ஒரு புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. வேறு ஊர் நூலகத்திலிருந்து வரவழைக்கலாம், இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று சீட்டு எழுதிக்கொண்டார்.

அந்த வாரங்களில்தான் அவர் ஒருநாள் சாயங்காலம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்தார். முகத்தில் வெற்றி.

"பாரு. வேற ஒரு ஃபோரம், வேற ஆளுங்க. அதே நம்பர். டெசிமல் வரைக்கும் மேட்ச் ஆகுது. இதுக்கு மேல என்ன கன்ஃபர்மேஷன் வேணும்?"

டெசிமல் வரை என்றதும் எனக்கு உறுத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுதியிருந்தவர் இன்னொருவர் சொன்னதாகச் சொல்லி இணைப்புக் கொடுத்திருந்தார். அதை அழுத்தினேன். அங்கே இருந்தவர் வேறு ஒருவரை மேற்கோள் காட்டியிருந்தார்: டெக்சாஸில் ஒரு இன்ஜினியர் எல்லா டேட்டாவையும் ஆராய்ந்து கண்டுபிடித்த பாதுகாப்பான அளவு இது. அதையும் அழுத்தினேன். கடைசியாகத் திறந்த பக்கத்தில் என் கணவருடைய புனைபெயர், என் கணவருடைய எக்ஸெல், தலைப்பில் 'அப்ரூவல்'.

"போஸ்ட் பண்ணீங்களா?"

"கமென்ட்ஸ் கேட்டுத்தான் போட்டேன்." குரல் இறங்கிவிட்டது.

"உங்க நம்பரையே உங்களுக்கு சாட்சியா கொண்டு வந்திருக்கீங்க."

சிரிக்க வேண்டிய இடம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த ஐம்பதையும் பிரித்துவிடுகிறேன் என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்படியே இருந்தாலும் பதினேழு பேர் பதினேழு பேர்தானே என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

புத்தகம் மேற்கு டெக்சாஸில் ஏதோ சிற்றூர் நூலகத்தின் முத்திரையோடு வந்து சேர்ந்தது. கார் பார்க்கிங்கிலேயே திறந்து பார்த்தேன். அச்சின் எண், குண்டின் படம், அவருடைய மருந்து, ஆரம்ப அளவு, இதற்கு மேல் போகாதே என்ற அளவு. ஐந்தும் ஒரே வரியில். அவருடைய சராசரி, போகாதே என்ற அளவையும் தாண்டி நின்றது. கொஞ்சநஞ்சம் தாண்டவில்லை. பழைய புத்தகம், மருந்து இப்போது மாறியிருக்கலாம் என்று அவர் சொல்வார் என்பதால், அங்கிருந்தே மருந்து கம்பெனிக்கு மறுபடி போன் போட்டேன். அச்சு எண் சொன்னதும் அவர்கள் தங்களுடைய இன்றைய அளவுத் தாளைப் பார்த்து, அந்த ஆரம்ப அளவு சரி, அதில் தொடங்குங்கள், மேல் அளவுக்குக் கிட்டேயே போகாதீர்கள் என்றார்கள்.

வீட்டில் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். ஒரே வரியை நாலைந்து முறை படித்தார். பிறகு எழுந்து கராஜுக்குப் போனார். செய்த தோட்டாவைப் பிரிக்க பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்று இருக்கிறது, தோட்டாவை அதன் தலைக்குள் பொருத்தித் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டு கழன்று மருந்து கொட்டும். அந்தத் தட்டும் சத்தம் ஐம்பது முறை கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் எனக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

வேர்த்துப்போய் உள்ளே வந்தவரிடம், "அந்தப் போஸ்ட்?" என்றேன்.

அதை அவர் மறந்தே போயிருந்தார். ஓடிப்போய்த் திறந்தார். அவர் எண்ணுக்குக் கீழே இரண்டு நாள் முன்னால் புதிதாக ஒருவர் நன்றி எழுதியிருந்தார். உங்களுடையது மாதிரியே என்னுடையதும் பழைய ரிவால்வர்தான், இதே அளவில் நூறு செய்யப்போகிறேன் என்று. அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். உட்கார்ந்து, நான் போட்ட அளவு தவறு, ஆபத்து, யாரும் பயன்படுத்தாதீர்கள், அச்சு கம்பெனியின் புத்தகத்தைப் பாருங்கள் என்று எழுதினார். பழைய எண்ணை அழித்தார். ஆனால் அதை எடுத்துப் போட்டவர்களின் பக்கங்களில் அழிக்க அவருக்கு வழியில்லை. அங்கெல்லாம் போய் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். பதில் வந்திருந்தது. சத்தமாகப் படித்தார். அக்கறைக்கு நன்றி நண்பா, ஆனால் ஏற்கெனவே முப்பது சுட்டாகிவிட்டது, துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, இங்கே எல்லாரும் சரி என்றுதான் சொல்கிறார்கள், இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

"லூசாடா நீ? கை போயிடும்டா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. ஒரு கால் ஷூவோடு உட்கார்ந்து எதையோ டைப் பண்ணினார், அழித்தார், மறுபடி டைப் பண்ணினார், மறுபடி அழித்தார். ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எப்படிச் சொன்னா இவன் கேப்பான்? நீ சொல்லுமா. உனக்குத்தான் பேஷன்ட்ஸ்கிட்ட பேசிப் பழக்கம்."

"அது தெரிஞ்சிருந்தா, மூணு மாசம் முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேனா?" என்றேன்.